பாட்டு நின்ற இடமும் ஆட்டம் தொடங்கும் இடமும்

அக்கா கும்பகோணத்தில் வீட்டு மாடியில் பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்கிறாள். அடிப்படை அசைவுகளான அடவு நடக்கும் வரைக்கும் அவளுக்கு எந்த மின்சாதனமும் தேவையில்லை. தட்டுப்பலகை, தட்டுக்கழி, வாயில் சொல்லு. "தெய்யா தெய்" என்று அவள் சொல்வது கீழே சமையலறை வரை கேட்கும். பிள்ளைகள் அலாரிப்பு தாண்டி ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம் என்று உருப்படிகளுக்குப் போகும்போதுதான் பதிவு செய்த பாட்டு வேண்டியிருக்கிறது. பாடுபவர், மிருதங்கம், வயலின் எல்லாரையும் தினசரி வகுப்புக்குக் கூப்பிட்டுக்கொண்டிருக்க முடியாது. அரங்கேற்றம் நெருங்கும்போது நாலைந்து ஒத்திகைக்கு வருவார்கள், அவ்வளவுதான். மற்ற நாளெல்லாம் லேப்டாப்பும் ஸ்பீக்கரும்தான்.

ஒரு சனிக்கிழமை வகுப்பில் சும்மா உட்கார்ந்திருந்தேன். வர்ணம் நடந்துகொண்டிருந்தது. ஒரு பெண்ணின் அரைமண்டி (முழங்கால் மடித்த நிலை) தளர்கிறது, அக்கா எழுந்து போய்ப் பாட்டை நிறுத்துகிறாள், திரும்பி வந்து திருத்துகிறாள், மறுபடி லேப்டாப்புக்குப் போய், திரையில் பாட்டு ஓடும் இடத்தைக் காட்டும் கோட்டை இழுத்து இழுத்து இடத்தைத் தேடுகிறாள், ஓட்டிவிட்டுத் திரும்பி வருவதற்குள் பிள்ளைகள் ஆரம்பித்துவிடுகிறார்கள். முதல் நாலு அடி அவள் கண்ணில் படுவதே இல்லை. ஒரு காகிதத்தில் கோடு போட்டு எண்ணினேன். ஒன்றரை மணி நேரத்தில் 43 தடவை. அவளுக்கு அப்போதே வலது முழங்காலில் வலி இருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே பாட்டை நிறுத்தவும் தொடரவும் ஒரு பெடல் செய்துதருகிறேன் என்று அன்றைக்குத்தான் சொன்னேன். ஒரு வாரத்தில் முடியும் என்று நினைத்தேன். சரியாக வர நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதத்தில் கற்றதை இங்கே எழுதுகிறேன். நடனம், நாடகம், யோகா வகுப்பு, பதிவைக் கேட்டு எழுத்தாக்கும் வேலை என்று எங்கெல்லாம் கை ஒழியாமல் ஒலியை ஓட்டி நிறுத்த வேண்டியிருக்கிறதோ, அங்கெல்லாம் இது பயன்படும்.

முதலில் கடையில் கிடைக்கும் யுஎஸ்பி பெடல் ஒன்றை வாங்கினேன். கம்ப்யூட்டர் அதை ஒரு கீபோர்டாகத்தான் பார்க்கும். மிதித்தால் ஸ்பேஸ் பட்டனைத் தட்டியதுபோல ஒரு சமிக்ஞை போகும், பிளேயர் நிற்கும் அல்லது ஓடும். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. பதினோராவது நிமிடத்தில் திரையில் ஏதோ அப்டேட் அறிவிப்பு வந்து நின்றது. அக்கா மிதித்த ஸ்பேஸ் பாட்டுக்குப் போகாமல் அந்தப் பெட்டிக்குப் போனது. பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது, அவள் மிதித்துக்கொண்டே இருக்கிறாள். கீபோர்டாக வேடம் போடும் எந்தக் கருவிக்கும் இந்தச் சிக்கல் உண்டு. பட்டன் எந்த ஜன்னல் முன்னால் இருக்கிறதோ அதற்குத்தான் போய்ச்சேரும். ஒரே ஆள், ஒரே மென்பொருள், திரை எப்போதும் கண்ணெதிரே என்றால் இது போதும். திரையைப் பார்க்காமல் வேலை செய்பவருக்கு இது ஆகாது.

அடுத்து செய்தது பெரிய தப்பு. பெடலே வேண்டாம், தரையில் ஒட்டிய பீசோ தட்டு ஒன்று போதும், அக்கா உட்கார்ந்த இடத்தில் குதிகாலால் ஒரு தட்டுத் தட்டினால் போதும் என்று நினைத்தேன். பீசோ என்பது அதிர்ந்தால் சின்ன மின்னழுத்தம் தரும், பீங்கான் ஒட்டிய பித்தளை வட்டு, விலையும் மிகக் குறைவு. தனியாக உட்கார்ந்து சோதித்தபோது பிரமாதமாக வேலை செய்தது. பன்னிரண்டு பிள்ளைகள் சலங்கை கட்டிக்கொண்டு தட்டடவு போட்டதும் அந்த மாடித் தளம் முழுக்க அதிர்ந்தது. பாட்டு நின்றது, ஓடியது, நின்றது, ஓடியது. எந்த அதிர்வை எதிர்பார்க்கிறோமோ அதே அதிர்வுதான் அந்த அறையின் வேலையே என்பதை நான் யோசிக்கவில்லை. கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன்னால் அது இருக்கப்போகிற அறையில், வேலை நடக்கும் நேரத்தில், ஒரு மணி நேரமாவது உட்கார வேண்டும். என் மேசையில் சோதித்ததற்கு மதிப்பே இல்லை.

சென்னை போயிருந்தபோது ரிச்சி தெருவில் ஒரு அர்டுயினோ ஊனோ வகை போர்டும் (நிரல் எழுதி ஓட்டக்கூடிய சின்ன மின்னணுப் பலகை) நாலு மைக்ரோசுவிட்சும் வாங்கிவந்தேன். பெடலுக்கு, ஓடாத பழைய தையல் மிஷின் மோட்டாரின் கால் பெடல் இரண்டு கிடைத்தது. நல்ல கனமான கூடு, மிதித்தால் நகராது, பாதத்துக்கு ஏற்ற சாய்வு. ஆனால் ஒரு எச்சரிக்கை. அது 230 வோல்ட் ஓடிய பொருள். உள்ளே இருந்ததை முழுக்க எடுத்துவிட்டு, பிளக்கையும் பழைய வயரையும் அடியோடு வெட்டி எறிந்துவிட்டுத்தான் வெறும் கூட்டை எடுத்துக்கொண்டேன். பிளக்கை அப்படியே விட்டால், என்றைக்காவது யாராவது நல்ல எண்ணத்தோடு அதைச் சுவரில் செருகிவிடுவார்கள். பிள்ளைகள் வெறுங்காலோடு இருக்கும் அறை அது.

சுவிட்சை இணைப்பது எளிது. ஒரு முனை போர்டின் ஒரு பின்னுக்கு (இணைப்புக் கம்பிக்கு), மறு முனை கிரவுண்டுக்கு. பின்னை உள்புல்அப் நிலையில், அதாவது போர்டுக்குள் இருக்கும் ஒரு ரெசிஸ்டர் அதை 5 வோல்ட் பக்கம் இழுத்துப் பிடிக்கும் நிலையில் வைத்தால், மிதிக்காதபோது 1, மிதித்தால் 0. போர்டு செய்ய வேண்டியது இவ்வளவுதான்: மிதித்ததும் ஒரு எழுத்தை சீரியல் வழியாக, அதாவது யுஎஸ்பி வயரில் எழுத்து எழுத்தாக, லேப்டாப்புக்கு அனுப்புவது. லேப்டாப்பில் ஒரு பைதான் நிரல் அந்த எழுத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கும். எந்த ஜன்னல் முன்னால் இருந்தாலும் கவலையில்லை, இது கீபோர்டு வழியாக வருவதே இல்லை. நொடிக்கு 9600 பிட் வேகத்தில் ஒரு எழுத்து போய்ச்சேர ஏறக்குறைய 1 மில்லி செகண்ட் ஆகும். இதற்கு மேல் வேகம் கூட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை.

புதிதாகச் செய்பவர்கள் எல்லாரும் முட்டிக்கொள்ளும் ஒரு இடம் இங்கே இருக்கிறது. ஊனோ வகை போர்டில், லேப்டாப் நிரல் சீரியல் போர்ட்டைத் திறந்த உடனே போர்டு ரீசெட் ஆகும். புது நிரல் ஏற்றுவதற்கு வசதியாக வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். அது எழுந்து உட்கார ஓரிரு நொடி ஆகும். அதற்குள் மிதித்தால் அந்த மிதி காற்றோடு போய்விடும். நான் போர்டு தயாரானதும் அதுவே ஒரு எழுத்தை அனுப்பட்டும் என்று எழுதினேன். அந்த எழுத்து வந்த பிறகுதான் திரையின் ஓரம் பச்சையாகும். அக்காவுக்குச் சொன்னது ஒன்றே ஒன்று: "பச்சை வந்தா மிதி."

அப்புறம் சுவிட்சின் துள்ளல். உலோகத் தகடு ஒன்றோடொன்று சேரும்போது ஒரே தடவையில் சேராது, சில மில்லி செகண்டுக்கு ஒட்டியும் விலகியும் துள்ளும். நமக்கு ஒரு மிதி, போர்டுக்கு ஐந்தாறு மிதி. பாட்டு நின்று உடனே ஓடும். வழக்கமாகச் சொல்லும் வழி, 50 மில்லி செகண்ட் காத்திருந்து சுவிட்ச் நிலையாக இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவது. ஒலிக்கு அது சரிப்படாது, அந்த 50 அப்படியே தாமதமாகச் சேரும். நான் தலைகீழாகச் செய்தேன். முதல் தொடுதலிலேயே அனுப்பிவிடு, அதற்கப்புறம் 50 மில்லி செகண்டுக்கு அந்தச் சுவிட்சைத் திரும்பியே பார்க்காதே. தாமதம் போயிற்று, துள்ளலும் போயிற்று. இதுதான் முடிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மாலை, மழை மூட்டத்தில் வெளிச்சம் குறைந்து, யாரோ டியூப்லைட்டைப் போட்டார்கள். பாட்டு நின்றது. யாரும் பெடலைத் தொடவில்லை. அக்கா மிதித்து ஓடவிட்டாள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி நின்றது. நான் நிரலில்தான் பிழை என்று இரண்டு நாள் வரிவரியாகத் தேடினேன். மூன்றாம் நாள் அக்காவின் மாணவி ஒருத்தி, பத்து வயதிருக்கும், "அண்ணா, லைட்டு கண் சிமிட்டுறப்ப எல்லாம் பாட்டு நிக்குது" என்றாள். பார்த்தால் உண்மைதான். பழைய சோக்கும் ஸ்டார்ட்டரும் உள்ள டியூப்லைட். அது மின்னி மின்னி எரியும்போது சட்டென்று ஒரு மின் துடிப்பைச் சுற்றுப்புறத்துக்கு அனுப்புகிறது. பெடலிலிருந்து போர்டுக்கு நான் போட்டிருந்தது 5 மீட்டர் நீளத்துக்கு இரண்டு சாதாரண வயர், சுவரோரமாக, வீட்டு வயரிங்குக்கு ஒட்டி. அவ்வளவு நீள வயர் ஒரு ஆன்டெனாதான். போர்டுக்குள் இருக்கும் உள்புல்அப் 20 முதல் 50 கிலோ ஓம் வரையிலானது, மிக மெல்லிய பிடி. ஒரு சின்னத் துடிப்பு வந்தாலே பின் ஒரு நொடிப்பொழுதுக்கு 0 ஆகிவிடுகிறது. நானோ முதல் தொடுதலையே நம்பு என்று எழுதிவைத்திருக்கிறேன்.

மூன்று மாற்றம் செய்தேன். முதலாவது, 5 வோல்டுக்கும் பின்னுக்கும் இடையே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் வெளியே போட்டேன், பிடி இறுகியது. பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 104 என்று அச்சிட்ட 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். இரண்டாவது, வெறும் வயருக்குப் பதில் லேன் கேபிள். அதில் கம்பிகள் ஜோடி ஜோடியாக முறுக்கப்பட்டிருக்கும், இரைச்சலை அவ்வளவாக வாங்காது, உழைக்கவும் செய்யும். ஒவ்வொரு பெடலுக்கும் ஒரு ஜோடி, ஜோடியில் ஒரு கம்பி கிரவுண்ட். மூன்றாவது நிரலில்: முதல் தொடுதல் தெரிந்ததும் 3 மில்லி செகண்ட் பொறு, அந்த இடைவெளியில் பல தடவை பார், பெரும்பாலும் 0 ஆகவே இருந்தால் மட்டும் அனுப்பு. மனிதக் கால் குறைந்தது பத்து மடங்கு நேரமாவது மிதித்திருக்கும். மின் துடிப்பு அதற்குள் போய்விடும். அன்றிலிருந்து இன்றுவரை தானாக ஒரு தடவையும் நிற்கவில்லை. அந்தச் சின்னப் பெண்ணுக்கு ஒரு பால்கோவா வாங்கிக்கொடுத்தேன்.

இனி ஒலிப் பக்கம். முதலில் பைகேம் என்ற பைதான் நூலகத்தை வைத்துத்தான் ஓட்டினேன். நிறுத்து, தொடர், ஒலி அளவு எல்லாம் ஒரே வரியில் முடியும், ஆரம்பிக்க நல்ல இடம். ஆனால் "இப்போது பாட்டில் எந்த இடத்தில் இருக்கிறோம்" என்று கேட்டால் அது சொல்வது, ஓட ஆரம்பித்ததிலிருந்து எவ்வளவு நேரம் ஓடியது என்பதை. நடுவிலிருந்து தொடங்கியிருந்தால் அந்தத் தொடக்கத்தை நாம்தான் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆவணத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது, நான்தான் படிக்காமல் ஒரு வாரம் குழம்பினேன். எம்பி3 கோப்பில் நடுவில் தாவுவதும் அவ்வளவு துல்லியமாக இருப்பதில்லை, பிட் வேகம் மாறும் கோப்பாக இருந்தால் இன்னும் மோசம்.

பாட்டைத் துல்லியமாக எந்த இடத்திலிருந்தும் தொடங்க வேண்டுமானால் முழுப் பாட்டையும் விரித்து நினைவகத்தில் வைத்துக்கொள்வதுதான் நேர்வழி. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நொடிக்கு 44,100 மாதிரி (ஒலி அலையை அளந்து எடுத்த எண்), இரண்டு சேனல், மாதிரிக்கு 2 பைட். நொடிக்கு 1,76,400 பைட். அரை மணி நேர வர்ணத்துக்குச் சுமார் 318 மெகாபைட். அக்காவின் பழைய லேப்டாப்பில்கூட 4 ஜிபி இருக்கிறது, தாராளமாகப் போதும். எஃப்எஃப்எம்பெக் என்ற ஒலிக்கோப்பு மாற்றும் மென்பொருளை வைத்து எல்லாப் பாட்டையும் வேவ் கோப்பாக மாற்றிவிட்டு, சவுண்ட்டிவைஸ் என்ற நூலகத்துக்கு மாறினேன். அது ஒவ்வொரு சில மில்லி செகண்டுக்கும் நம் நிரலைக் கூப்பிட்டு "அடுத்த துண்டைக் கொடு" என்று கேட்கும். பாட்டில் எங்கே இருக்கிறோம் என்பது நம் கையில் இருக்கும் ஒரு எண். தாவ வேண்டுமா, அந்த எண்ணை மாற்றினால் போதும். அந்தக் கூப்பிடலுக்குள் மட்டும் கோப்பு படிப்பது, திரையில் அச்சிடுவது, சீரியலுக்குக் காத்திருப்பது எதுவும் கூடாது. கொஞ்சம் தாமதித்தாலும் ஒலி விக்கும்.

துண்டின் அளவு முக்கியம். முதலில் 4096 மாதிரி வைத்திருந்தேன், அது 93 மில்லி செகண்ட். மிதித்ததற்கும் நின்றதற்கும் நடுவே ஒரு வழுக்கல் தெரிந்தது. 512 ஆக்கியதும் ஏறக்குறைய 12 மில்லி செகண்ட் ஆனது, வழுக்கல் மறைந்தது. இன்னும் குறைத்தால் பழைய லேப்டாப் திணறுகிறது.

நிறுத்தும்போது ஸ்பீக்கரில் "டப்" என்று ஒரு சத்தம் வந்தது. ஒலி அலையை அதன் உச்சியில் கத்திரித்தால் அப்படித்தான் கேட்கும். அதற்கு ஒரே துண்டுக்குள் ஒலியை முழுசிலிருந்து பூஜ்யத்துக்கு இறக்கினேன், தொடங்கும்போது பூஜ்யத்திலிருந்து ஏற்றினேன். 12 மில்லி செகண்டில் காதுக்கு அது இறங்குவதே தெரியாது, டப் மட்டும் காணாமல் போகும். இன்னொன்று, நிறுத்தும்போது ஒலி ஓட்டத்தையே மூடக் கூடாது. அது திறந்தே இருக்கட்டும், பூஜ்யங்களை அனுப்பிக்கொண்டிருங்கள். மூடித் திறந்தால் ஒவ்வொரு தொடக்கமும் இழுக்கும்.

ப்ளூடூத் ஸ்பீக்கரை விட்டுவிடுங்கள். இத்தனை பாடுபட்டு மில்லி செகண்ட் மில்லி செகண்டாகக் குறைத்ததை அது ஒரே அடியில் விழுங்கிவிடும். சிலது கொஞ்ச நேரம் சத்தமில்லாவிட்டால் தூங்கிப்போய், எழும்போது முதல் சொல்லையே தின்றுவிடும். வயர்தான். சார்ஜர் செருகியிருக்கும்போது ஆம்ப்ளிஃபயரில் "ங்ங்" என்று இரைந்தால், கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று ஒரு சின்ன டப்பா கிடைக்கும், நடுவில் போட்டால் சரியாகும்.

இவ்வளவும் செய்து கொண்டுபோய் வைத்தேன். மிதித்தால் நிற்கிறது, மிதித்தால் நின்ற அதே இடத்திலிருந்து ஓடுகிறது, ஒரு மாதிரிகூடப் பிசகாமல். நான் கர்வத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா நாலு தடவை மிதித்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"தம்பி, இது ஏன்டா நின்ன இடத்துலேருந்தே ஆரம்பிக்குது?"

"நீ அங்கதானக்கா நிறுத்தின?"

"நிறுத்தினது அங்க. தப்பு அதுக்கு முன்னாடியில்ல நடந்துச்சு? பிள்ளைங்க பாதி வரியில எப்படிடா எடுக்கும்? நட்டுவனார் உட்கார்ந்திருந்தா பாதியிலேருந்தா ஆரம்பிப்பாரு?"

அந்தக் கேள்விக்கு அப்புறம்தான் எனக்கு வேலையே புரிந்தது. அதுவரை நான் செய்துகொண்டிருந்தது பிளேயருக்கு ஒரு கால். அவளுக்கு வேண்டியிருந்தது, தாளம் போட்டு ஆட்டத்தை நடத்தும் நட்டுவனாரிடம் இருக்கும் ஒரு வழக்கம். பிசகினால் அவர் தாளத்தை நிறுத்துவார், திருத்துவார், மறுபடி எடுக்கும்போது ஆவர்த்தனத்தின், அதாவது ஒரு தாளச் சுற்றின், தொடக்கத்திலிருந்து, அதுவும் பிள்ளைகள் காலை ஊன்றித் தயாராவதற்கு ஒரு சுற்று முன்னாலிருந்து எடுப்பார். கம்ப்யூட்டருக்கு "தொடர்" என்றால் நின்ற நொடி. ஆட்டத்துக்கு அப்படி ஒரு நொடியே கிடையாது, சுற்று தொடங்கும் இடமான சமம்தான் உண்டு.

அப்படியானால் ஒவ்வொரு பாட்டிலும் ஒவ்வொரு ஆவர்த்தனத்தின் சமமும் எங்கே விழுகிறது என்று நிரலுக்குத் தெரிய வேண்டும். கணக்குப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஆதி தாளம், 8 அட்சரம், முதல் ஆவர்த்தனம் இத்தனை நொடி, அதைப் பெருக்கிக்கொண்டே போனால் ஆயிற்று. பத்தாவது ஆவர்த்தனத்திலேயே குறி தப்பியது. மனிதர்கள் பாடி வாசித்த பதிவு அது. காலப்பிரமாணம் (பாட்டின் வேகம்) எவ்வளவு நன்றாக நின்றாலும், ஜதி முடிந்து சாகித்யத்துக்குள் நுழையும்போது ஒரு மயிரிழை மாறும். பெருக்கினால் மயிரிழை கயிறாகிவிடும்.

கடைசியில் அக்காவே குறித்தாள். ஆடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் பாட்டை ஓடவிட்டு, ஒரு கையால் தாளம் போட்டுக்கொண்டு, சமம் விழும்போதெல்லாம் மறு கையால் கன்ட்ரோல், எம் என்ற இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினாள். ஓடும் இடத்தில் ஒரு லேபிள் விழும். அரை மணி நேர வர்ணத்துக்கு அரை மணி நேரம், நிறுத்தாமல், கண்ணை மூடிக்கொண்டு. பல்லவி, அனுபல்லவி, முத்தாயி ஸ்வரம், சரணம், ஒவ்வொரு ஜதியின் தொடக்கம், இவற்றுக்கு மட்டும் பின்னால் பெயர் எழுதினோம். அந்த லேபிள்களை ஒரு உரைக் கோப்பாக எடுத்துக்கொள்ளலாம், வரிக்கு வரி நொடிக் கணக்கும் பெயரும் இருக்கும். நிரல் படிக்க அதுவே போதும். அழுத்தும் கை எப்போதும் துளி பின்தங்கும், அதனால் எல்லாக் குறியையும் பத்தில் ஒரு நொடி முன்னால் தள்ளினேன். துளி முன்னால் தொடங்கினால் ஒன்றும் கெடாது. துளி பின்னால் தொடங்கினால் மிருதங்கத்தின் முதல் அடி அறுந்துபோகும், பிள்ளைகள் அங்கேயே தடுமாறுவார்கள்.

இப்போது இடது பெடலை மிதித்தால் பாட்டு உடனே நிற்கும். மறுபடி மிதித்தால், நின்ற இடம் எந்த ஆவர்த்தனமோ அதற்கு முந்தின ஆவர்த்தனத்தின் சமத்திலிருந்து எடுக்கும். நின்ற இடம் சமத்தைத் தாண்டி 2 நொடிக்குள் இருந்தால் இன்னும் ஒன்று பின்னால் போகும். தப்பைக் கண் பார்த்துக் கால் மிதிப்பதற்குள் பாட்டு அடுத்த சுற்றுக்குள் நுழைந்திருக்கும், தப்பு உண்மையில் போன சுற்றில். அந்த 2 நொடியை நான் ஒன்றரையாக வைத்திருந்தேன், அக்காதான் கூட்டச் சொன்னாள். வலது பெடல், அந்தப் பகுதியின் தொடக்கத்துக்கே போகும்.

ஒரே பெடலில் ஒரு மிதிக்கு ஒன்று, இரட்டை மிதிக்கு இன்னொன்று என்று வைக்கலாமே என்று பலர் கேட்டார்கள். வைத்துப் பார்த்தேன். இரட்டை மிதியா என்று தெரிந்துகொள்ள, ஒவ்வொரு ஒற்றை மிதிக்குப் பின்னும் நிரல் கால் நொடி காத்திருக்க வேண்டும். நிறுத்து என்பது காத்திருக்கக் கூடாத கட்டளை. கூடுதலாக ஒரு சுவிட்சுக்கு ஆகும் செலவு அந்தக் கால் நொடிக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

ஒலி அளவுக்கு ஒரு திருகு வைத்தேன், 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர். போர்டு அதை 0 முதல் 1023 வரை எண்ணாகப் படிக்கும். தொடாமலே அந்த எண் ஒன்றிரண்டு ஆடிக்கொண்டிருக்கும், அதனால் 4 அல்லது அதற்கு மேல் மாறினால் மட்டும் அனுப்பு என்று வைத்தேன். எண்ணை அப்படியே ஒலி அளவாகப் போட்டால் திருகின் ஆரம்பத்திலேயே சத்தம் ஏறிவிட்டு மீதித் தூரம் முழுக்க ஒன்றும் மாறாதது போல் இருக்கும். காது டெசிபல் கணக்கில்தான் கேட்கிறது. மைனஸ் 40 டெசிபலிலிருந்து 0 வரை சமமாகப் பிரித்துப் போட்டதும் திருகு கைக்கு அடங்கியது.

இன்னொரு பாடம் மேடையில் கிடைத்தது. ஒரு கோயில் விழாவில் பிள்ளைகள் பதிவுப் பாட்டுக்கு ஆடினார்கள். பக்கவாட்டில் ஓடிய ஒரு குழந்தையின் காலில் யுஎஸ்பி வயர் மாட்டி பிடுங்கிக்கொண்டது. சீரியல் போர்ட் காணாமல் போனதும் என் நிரல் பிழை சொல்லிவிட்டு மொத்தமாக நின்றது. பாட்டும் நின்றது. தில்லானாவின் நடுவில். பெரிய பெண் ஒருத்தி வாயாலேயே சொல்லிக்கொண்டு தீர்மானம் வரை கொண்டுபோய் "ததிங்கிணதோம்" என்று முடித்து வணங்கினாள். கூட்டம் கைதட்டியது. எனக்குக் கை நடுங்கியது, அவ்வளவு பெரிய பாரத்தை அந்தப் பிள்ளை மேல் என் நிரல் வைத்துவிட்டதே என்று.

அன்று இரவே மாற்றி எழுதினேன். பெடல் செத்தாலும் பாட்டு ஓட வேண்டும். சீரியலைக் கேட்கும் வேலையைத் தனித் திரெட்டில் (நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு பகுதியில்) போட்டு, இணைப்பு அறுந்தால் நொடிக்கு ஒரு தடவை மறுபடி தேடு என்று வைத்தேன். அறுந்திருக்கும் வரை திரை சிவப்பு. மறுபடி செருகும்போது போர்ட் எண் மாறலாம், அதனால் எண்ணை எழுதிவைக்காமல், செருகியிருக்கும் கருவிகளில் நம் போர்டின் சிப் எது என்று நிரலே பார்த்துக் கண்டுபிடிக்கிறது. லேப்டாப்பின் ஸ்பேஸ் பட்டனும் எப்போதும் வேலை செய்யும். மேடை நிகழ்ச்சிக்கு என் போனிலும் அதே பாட்டுகள், ஆம்ப்ளிஃபயரில் செருகத் தயாராக இன்னொரு வயர். அறிவிப்புகள், தூக்க நிலை எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் மேடைக்குப் போகிறோம்.

எல்லாரும் இந்தப் பாடெல்லாம் பட வேண்டியதில்லை. வீட்டில் யுஎஸ்பி உள்ள இசைக் கீபோர்டு இருந்தால் அதன் பின்னால் சஸ்டெய்ன் பெடலுக்கு ஒரு துளை இருக்கும். மிதித்தால் மிடி (இசைக்கருவிகளும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் முறை) வழியாக 64ஆம் எண் கட்டுப்பாடு வரும், மதிப்பு 64 அல்லது அதற்கு மேல் என்றால் மிதித்திருக்கிறது, கீழே என்றால் விட்டாயிற்று. மிடி 1983இல் வந்த முறை, இன்றும் அப்படியே பேசுகிறது. மிடோ என்ற பைதான் நூலகம் அதைப் படித்துக்கொடுக்கும், சால்டரிங்கே வேண்டாம். அக்காவின் தோழி ஒருத்தர் வீட்டில் ஒரே ஒரு மாணவிக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அவருக்கு அந்த முதல் யுஎஸ்பி பெடலையே கொடுத்தேன், இன்றுவரை குறையொன்றும் சொல்லவில்லை.

போன மாதம் எஃப்எஃப்எம்பெக்கில் சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைக்கும் வடிகட்டியைப் போட்டு, ஒவ்வொரு பாட்டுக்கும் 80 சதவீத வேகத்தில் இன்னொரு கோப்பு செய்தேன். ஓடும்போதே வேகத்தைக் குறைக்க முயன்றால் பழைய லேப்டாப்புக்குப் பாரம், முன்கூட்டியே செய்துவைப்பது நிம்மதி. குறிகளின் நொடிக் கணக்கை 0.8ஆல் வகுத்தால் அங்கேயும் அதே சமம் கிடைக்கிறது. இப்போதைக்கு லேப்டாப்பில் ஒரு பட்டனைத் தட்டி மாற்ற வேண்டும். அக்கா நேற்று ஒரு தடவை அதற்காக எழுந்து போனாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. லேன் கேபிளில் எட்டுக் கம்பி, நாலுதான் ஓடுகிறது. மூன்றாவது பெடலுக்கான கூட்டை ஞாயிற்றுக்கிழமை துளைபோட எடுத்துவைத்திருக்கிறேன்.